போர்டும் ரேமும் பழகும் வரை

கப்ரோவோ,
ஜனவரி 28

ஓக்னியான் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடியிருப்பாய். உட்கார்ந்தே படி. விவாகரத்துக் காகிதங்களுக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தொழில் விஷயம்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒளித்து வைத்தால் நீ பாதியிலேயே கடிதத்தை மடித்துவிடுவாய். என் குரல்வளையில் கட்டி. மார்ச் 24-ம் தேதி எடுக்கிறார்கள். கட்டியை மட்டுமல்ல, குரல்வளையையே எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். பேச்சுதான் போய்விடும். முப்பது வருஷமாகப் பொம்மலாட்டத் தியேட்டரில் நரிக்கும் கரடிக்கும் குடிகாரப் பாதிரியாருக்கும் குரல் கொடுத்தவளுக்கு இனி சொந்தக் குரல் இருக்காது. பரிதாபப்படாதே. நீ யாருக்காகவும் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை, இப்போது தொடங்கினால் எனக்குப் பயமாக இருக்கும்.

வார்னாவில் ஒரு பேராசிரியை ஒரு நிரல் எழுதியிருக்கிறார். அது திரையில் வாக்கியங்களைக் காட்டும், நாம் வாசிக்க வேண்டும். சரியில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லும். போதுமான அளவு வாசித்து முடித்தால், பிறகு நாம் தட்டச்சு செய்வதை அது நம் குரலிலேயே பேசும். பணம் வாங்காமல் கொடுத்தார். ஆனால் அது ஓட நிறைய நினைவகம், அதாவது ரேம், உள்ள பெரிய கணினிப் பெட்டி வேண்டும். தியேட்டரில் இருக்கும் கணினிகளில் அது திறக்கக்கூட இல்லை.

கடையில் ஒன்றை வாங்கிக்கொள் என்று எழுதாதே. நான் கஞ்சத்தனத்துக்குப் பேர்போன கப்ரோவோக்காரி என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தேன். மேடை விளக்குகளை ஓட்டிய பழைய கணினியைத் தியேட்டரில் கழித்துவிட்டார்கள். அதிலிருந்த ரேம் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அந்த ரேம் இந்த மதர்போர்டில் உட்காரும் என்று படித்துவிட்டுத்தான் போர்டை வாங்கினேன். உட்காரவில்லை. ரேமின் அடியில் இருக்கும் பள்ளமும் போர்டில் இருக்கும் மேடும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை தள்ளி நிற்கின்றன. அழுத்திப் பார்க்கலாமா?

போன் பண்ணாதே. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் பேசலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். அதை நிரலுக்கென்று சேர்த்து வைக்கிறேன். உன்னோடு பேசினால் அரை மணியும் சண்டையிலேயே தீர்ந்துவிடும். நீ இன்னும் பொத்தான் போன்தான் வைத்திருக்கிறாய் என்று உன் அக்கா சொன்னாள், ஆகவே தபால்.

நெவேனா


ரூஸே,
பிப்ரவரி 4

நெவேனா,

கடிதம் கிடைத்தது. உட்கார்ந்துதான் படித்தேன். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், கூட யார் இருப்பார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

இப்போது ரேம்.

அழுத்தாதே. கையை எடு. அந்தப் பள்ளம் தள்ளியிருப்பது தற்செயல் அல்ல. உன்னைப் போன்றவர்கள் அழுத்துவார்கள் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். உன் கையில் இருப்பது நாலாம் தலைமுறை ரேம். போர்டு ஐந்தாம் தலைமுறைக்கானது. இரண்டுக்கும் மின்சாரமே வேறு. இப்போதெல்லாம் ஒரே பெயரில் இரண்டு போர்டு விற்கிறார்கள். ஒன்று பழைய ரேமுக்கு, இன்னொன்று புதியதற்கு. வித்தியாசம் பெயரின் கடைசியில் இருக்கும் ஒரு எழுத்து மட்டும். நீ விலையைக் கடைசி இலக்கம் வரை படித்திருப்பாய், பெயரைக் கடைசி எழுத்து வரை படித்திருக்க மாட்டாய்.

நாம் கராஜில் நடத்திய கணினிக் கடையில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? "முதல்ல ரேமைக் கையில வெச்சுக்க, அப்புறம் போர்டைத் தேடு." அப்போது ரேம்தான் பெட்டியிலேயே விலை கூடியது. யாரும் அதை விட மாட்டார்கள். பல் டாக்டர் ஸ்தோயேவ் ஒரே ரேமை வைத்துக்கொண்டு மூன்று பெட்டி மாற்றினாரே, ஒவ்வொரு முறையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் கொண்டுவருவார். அவருக்காக நாம் போர்டு தேடி சோஃபியா சந்தையில் பனியில் நின்றோம். உன் பூட்ஸில் தண்ணீர் ஏறிவிட்டது. நீ நரிக் குரலில் வியாபாரியைத் திட்டி விலையைப் பாதியாக்கினாய்.

அன்று கராஜில் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் திரையில் ரேம் எண்ணத் தொடங்கியது. டிக் டிக் என்று எண்கள் ஏறும். நீ பின்னால் நின்று ஏலக்காரன் மாதிரி கூவுவாய்: "நாலாயிரம்! எட்டாயிரம்! யாராவது பதினாறு சொல்றீங்களா? பதினாறு! ஐயா கோட்டுப் போட்ட டாக்டருக்கே!" அவர் கை தட்டினார். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

சரி. போர்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடு. முடியாவிட்டால் ஐந்தாம் தலைமுறை ரேம் வாங்கு. இரண்டு வாங்கு, நான்கு வேண்டாம். நான்கைப் போட்டால் போர்டு திணறும். போர்டு செய்தவர்கள் எந்தெந்த ரேம் ஒத்துவரும் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள், அதில் இருப்பதை மட்டும் வாங்கு.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் பரிதாபப்பட்டு நீ பார்த்ததில்லை என்கிறாய். ஒரு முறை உன் வீட்டு மணியை அடித்தேன். நீ திறக்கவில்லை. திறக்காதது உன் உரிமை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஓக்னியான்


கப்ரோவோ,
பிப்ரவரி 11

ஓகி,

குறையாகச் சொல்லவில்லை என்று சொல்லியே குறை சொல்வதில் நீ இன்னும் அப்படியேதான் இருக்கிறாய். எந்த மணி? நான் திறக்காத மணி எது? மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருந்தால் உன் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பேனே தவிர, திறக்காமல் இருந்திருக்க மாட்டேன். அந்த இன்பத்தை நான் ஏன் விடப்போகிறேன்?

அறுவை சிகிச்சை ப்ளேவென் மருத்துவமனையில். என் சகோதரியின் மகள் கூட இருப்பாள். போதுமா?

போர்டைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள், உறையைக் கிழித்துவிட்டேனாம். பழைய ரேமைத் தியேட்டர் விளக்குக்காரனிடமே விற்றுவிட்டேன். என்ன சிரிக்கிறாய், அவன் வீட்டுக் கணினியில் அது உட்கார்ந்ததாம். பட்டியலில் இருந்த புது ரேம் இரண்டு வாங்கினேன். பள்ளமும் மேடும் சேர்ந்தன. இரண்டு பக்கமும் கிளிக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! சமையலறை மேஜையில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, ஒரு கணம் கராஜில் இருக்கிறேன் என்றே நினைத்துவிட்டேன். ஈய வாசனையும் உன் மட்டமான சிகரெட்டும்தான் இல்லை.

பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றுகின்றன. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில், ரேம் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். பீப் கூடக் கிடையாது. முன்பெல்லாம் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று அது அழும், நாம் எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்போம். இது வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ரேம்தானே, பிறகு என்ன கேடு அதற்கு?

வார்னா அம்மையார் மின்னஞ்சலில் கேட்கிறார், எப்போது வாசிக்கத் தொடங்குகிறீர்கள் என்று. நல்ல குரல் வர வேண்டுமென்றால் இரண்டு வாரமாவது வாசிக்க வேண்டுமாம். என் தொண்டை காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, சாயங்காலம் சரளைக்கல் உருள்கிறது. போன சனிக்கிழமை கரடிக்குக் குரல் கொடுத்தேன், குழந்தைகள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. நரியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நன்றாகத்தான் செய்கிறாள். அழுகை வந்தது.

"பொம்மைக்குக் கத்துறதெல்லாம் ஒரு வேலையா, அதுக்குப் போய்க் கடையைப் போட்டுட்டு ஓடுறே"ன்னு ஒரு நாள் சொன்னாயே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இப்போது அந்தக் கத்தலைக் காப்பாற்றத்தான் உன்னிடம் வந்து நிற்கிறேன்.

நெவேனா


ரூஸே,
பிப்ரவரி 18

நெவா,

நினைவிருக்கிறது. கடையை மூட வேண்டிய வாரத்தில் சொன்னது. பெரிய கடைக்காரர்கள் வந்து நம் பிழைப்பில் மண் போட்டுவிட்டார்கள், நீ தினமும் மாலையில் ஒத்திகைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பினாய். எனக்கு உன் வேலை மேல் கோபமில்லை. உனக்குச் சிரிக்க ஓர் இடம் இருந்ததே, அதன் மேல்தான் வயிற்றெரிச்சல்.

மஞ்சள் விளக்கு என்றால் போர்டு ரேமிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வரிசையாகச் செய். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் செய், உன் அவசரம் எனக்குத் தெரியும்.

ரேம் எந்தக் காடியில், அதாவது எந்த ஸ்லாட்டில், இருக்கிறது? பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பாய். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு. அப்படியும் வராவிட்டால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் இரண்டாவதில் வை. பிறகு அதை எடுத்துவிட்டு இதை. ஒன்று பழுது என்றால் அதில் தெரிந்துவிடும். அதுவும் இல்லை என்றால் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, ஒரு காபி குடித்துவிட்டு, திரும்பப் போடு. பழையதெல்லாம் மறந்துவிட்டு அது புதிதாகத் தொடங்கும். ரேமின் தங்கப் பல்லை ரப்பரால் தேய்க்காதே. அந்தக் காலம் போய்விட்டது.

மணியைக் கேட்டாய். சொல்கிறேன், சொன்னால் தீர்ந்தது. நான் ரூஸே வந்த இரண்டாம் வருஷம், புனித நிக்கோலாஸ் நாள். டான்யூபில் பிடித்த பெரிய கெண்டை ஒன்று கிடைத்தது. நிக்கோலாஸ் நாளில் கெண்டை இல்லாவிட்டால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். உன் மாடிக்கு வந்து மணி அடித்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, ஆகவே நீ இருந்தாய். நின்றேன். நீ வரவில்லை. கிளம்பிவிட்டேன். மீனை வீசவில்லை, ரூஸேக்கே திருப்பிக் கொண்டுபோய் இரண்டு நாள் தின்றேன். என்னைப் பெற்றதும் உன் ஊர்தானே.

மார்ச் முதல் தேதி வருகிறது. அன்றைக்குக் கையில் கட்டிக்கொள்ள இதோடு ஒரு மார்தெனிட்சாக் கயிறு வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியதல்ல. பழைய பெட்டிகளின் சிவப்பு வெள்ளை ஒயரை முறுக்கி வாடிக்கையாளர்களுக்குக் கட்டிவிடுவோமே, அதேதான். நூல் வாங்கும் காசு மிச்சம் என்று நீதான் கண்டுபிடித்தாய். இழுப்பறையில் இன்னும் ஒரு கற்றை ஒயர் கிடந்தது.

ஓகி


கப்ரோவோ,
பிப்ரவரி 26

ஓகி,

மார்தெனிட்சாவை மார்ச் பிறக்கும் முன்பே கட்டிக்கொண்டுவிட்டேன். முன்கூட்டிக் கட்டக்கூடாதுதான். இந்த வருஷம் விதிகளெல்லாம் எனக்குத் தள்ளுபடி.

பெட்டி எழவில்லை. நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். இரண்டாவதும் நான்காவதும். ஒன்றை மட்டும், பிறகு மற்றதை மட்டும். பேட்டரியைக் கழற்றிக் காபி குடித்தேன், திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே கறுப்புத் திரை, அதே மஞ்சள் விளக்கு. நானும் விடவில்லை. பொத்தானை அழுத்துவேன், மேஜை பக்கத்தில் நின்று பார்ப்பேன், ஒன்றும் வராது, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பேன், திரும்பவும் ஒன்றைக் கழற்றி மாட்டுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது செய்கிறேன். கரன்ட் பில்லை நினைத்து ஒரு தடவைகூட வீணாக எரியவிட்டதில்லை. விரல் நுனியெல்லாம் கீறல்.

நேற்று பெட்டியை மூடிவிட்டேன். போர்டையும் ரேமையும் யாருக்காவது விற்றுவிடலாம். வாசிக்க இனி அதிக நாளும் இல்லை, தொண்டையும் இல்லை. நேற்று எதிர்வீட்டு தான்காவிடம் காலை வணக்கம் சொன்னேன், அவள் "யாரு? யாரு பேசறது?"ன்னு என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். சொல்லிவிடுகிறேன் ஓகி, பயமாக இருக்கிறது. செத்துப்போவது பற்றி இல்லை. கடையில் ரொட்டி கேட்க முடியாமல் சீட்டை நீட்டுவேனே, அந்தப் பயம். என் தூக்கத்தில் குழந்தைகள் வந்து நரியைக் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல வாய் வராது. தினமும் இந்தக் கனவுதான்.

இப்போது உன் கெண்டைக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நடைக்கதவு வரை போய் நின்றுவிட்டு வந்தேன். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கரடிக்குப் புதுத் தலை செய்துகொண்டிருந்தேன், இரண்டு கையும் முழங்கை வரை காகிதக் கூழும் பசையும். மணி அடித்தது. "இரு, வந்துட்டேன்!"னு குளியலறையிலிருந்து கத்தினேன். பசை போகவே இல்லை, தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடி வந்து திறந்தேன். யாரும் இல்லை. படிக்கட்டு இருட்டு. ஒரே மீன் வாசம். தான்காவின் பூனை என் மிதியடியை மோந்துகொண்டு நின்றது. யாரோ மீன் விற்க வந்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து, அவனைத் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன். அந்த வருஷம் நிக்கோலாஸ் நாளுக்கு முட்டைதான் சாப்பிட்டேன்.

அது நீயா? எவ்வளவு நேரம் நின்றாய்?

நெவா


ரூஸே பஸ் நிலையம்,
மார்ச் 3

நெவா,

இதைத் தபாலில் போடவில்லை. கப்ரோவோ போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், மதியமே உன் கைக்கு வந்துவிடும். முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எதையும் விற்காதே!

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கே கணினி பழுது பார்க்கும் ஒருவன் கடைக்குப் போனேன். தாடி வைத்த தடியன், பெயர் பெஞ்சோ. அவன் மேஜையில் ஒரு புதுப் பெட்டி. திரை கறுப்பு, ஓரத்தில் மஞ்சள் விளக்கு. அப்படியே உன் பெட்டி. அவனோ சூரியகாந்தி விதையைக் கொரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"தம்பி, ரேம் போயிடுச்சு போல. அணைச்சுடு"ன்னேன்.

"எங்க போச்சு? இங்கதான் இருக்கு. படிச்சிட்டிருக்கு, விடுங்க."

"என்ன படிக்குது?"

"ரேமைத்தான். இந்தப் புதுசுங்க எல்லாம் ரொம்ப வேகம். அதனால முதல் தடவை போர்டு ஒவ்வொரு சிப்பையும் தட்டித் தட்டிப் பாத்துப் பழகிக்கணும். ரேம் பெருசா இருந்தா பத்து நிமிஷம், கால் மணிகூட ஆகும். நடுவுல அணைச்சீங்கன்னா மறுபடி முதல்லேருந்து. கழட்டி மாட்டினாலும் முதல்லேருந்து. பெரிசுங்க எல்லாம் இதைத்தான் பண்ணுறீங்க, ஒரு நிமிஷத்துல அணைச்சுட்டு ரேம் செத்துப்போச்சுன்னு தூக்கிட்டு வர்றீங்க."

நின்று பார்த்தேன். அவன் விதைப் பை பாதி காலியாகும்போது திரை பளிச்சென்று எழுந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உனக்கு நான் சொன்னதெல்லாம் நம் கராஜ் காலத்து வைத்தியம். அன்று திரையில் நம் கண் முன்னால் எண்ணிய அதே கணக்கைத்தான் இன்று இருட்டில் உட்கார்ந்து எண்ணுகிறது. டிக் டிக் சத்தம் இல்லை, ஏலக்காரி இல்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. உன் ரேமில் குறையே இல்லை, போர்டிலும் இல்லை. கப்ரோவோவைத் தவிர வேறு எந்த ஊர்க்காரியாக இருந்திருந்தாலும் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள், அது தானாகவே எழுந்திருக்கும். சூடு வெளியே போகாமல் கதவைச் சட்டென்று சாத்தப் பூனையின் வாலையே வெட்டின ஊர் நம்முடையது, நீ மட்டும் எப்படி வேறு மாதிரி இருப்பாய்?

ஆகவே: இரண்டு ரேமையும் இரண்டாவதிலும் நான்காவதிலும் வை. பொத்தானை அழுத்து. சமையலறையை விட்டு வெளியே போ. பனிட்சா சுட மாவு பிசை. திரும்பிப் பார்க்காதே. சுவர்ப் பக்கம் கையே போகக்கூடாது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டாய். நேற்று முழுக்க அதையேதான் யோசித்தேன். உங்கள் படிக்கட்டு விளக்கு, பொத்தானை அழுத்தினால் எரிந்து தானாக அணையுமே, அது அணையும் வரைக்கும் நின்றேன். ஒரு நிமிஷம் இருக்குமா? இருட்டானதும், சரி, இவளுக்குத் திறக்க விருப்பமில்லை என்று இறங்கிவிட்டேன். சுவரில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் பொத்தான் இருந்தது. இன்னொரு தடவை அழுத்தத் தோன்றவே இல்லை. நீ கத்தியது காதில் விழவும் இல்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

ஓகி


கப்ரோவோ,
மார்ச் 17

ஓகி,

டிரைவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு "உங்க வீட்டுக்காரர் பஸ் பின்னாலயே கொஞ்ச தூரம் ஓடி வந்தாரும்மா"ன்னு சொன்னான். எதற்கு ஓடினாய்? நிறுத்தற்குறி ஏதாவது விட்டுப்போயிற்றா? வீட்டுக்காரர் இல்லை என்று திருத்தலாமென்று பார்த்தேன், அதற்கு நாலு வார்த்தை செலவாகும் என்று விட்டுவிட்டேன்.

பொத்தானை அழுத்திவிட்டு மாவு பிசைந்தேன். மாவு இழுத்து விரித்து, பாலாடைக்கட்டி தூவிச் சுருட்டி, அடுப்பில் வைத்தும் ஆயிற்று. மூன்று முறை கை சுவர்ப் பக்கம் போனது. மாவுக் கையோடு மின்சாரத்தைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அது அணைந்தது. போய்விட்டதே என்று திரும்பினால் திரையில் எழுத்து! இவ்வளவு ரேம் இருக்கிறது என்று முழுக் கணக்கையும் காட்டி நின்றது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? டாக்டர் தந்த அரை மணியில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்து ஏலக்காரியாகக் கூவினேன். குரல் தகர டப்பா மாதிரி இருந்தது. கோட்டுப் போட்ட டாக்டர் யாரும் கை தட்டவில்லை.

பெட்டியை அன்றிலிருந்து அணைக்கவில்லை. மறுநாளிலிருந்து வாசிக்கிறேன். வாக்கியங்கள் எல்லாம் உப்புச் சப்பில்லாதவை: ரயில் தாமதமாக வரும், எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. ஆனாலும் வாசித்தேன். நேற்றோடு போதும் என்று நிரல் சொல்லிவிட்டது. என் சொந்த வாக்கியங்களும் சிலவற்றைத் தனியாகப் பதிவு செய்து வைக்கலாம், ஒரு விசையைத் தட்டினால் அப்படியே பேசும் என்று வார்னா அம்மையார் சொன்னார். நரியின் சிரிப்பை வைத்தேன். குடிகாரப் பாதிரியாரின் ஆசீர்வாதத்தை வைத்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் வேறொன்றை வைத்தேன். அது என்ன என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை ப்ளேவென். அறுவை அறைக்குள் கையில் ஒயர் கட்டிக்கொண்டு போகக்கூடாதாம். மார்தெனிட்சாவை முற்றத்துப் ப்ளம் மரத்தில் கட்டிவிட்டுப் போகிறேன். பூத்த மரத்தில்தான் கட்ட வேண்டும், இது இன்னும் பூக்கவில்லை. பூக்கும்.

ஏப்ரல் நடுவில் வீட்டில் இருப்பேன். வர நினைத்தால் வா. மணி அடி. உன் ஒரு நிமிஷத்தை ரூஸேயிலேயே விட்டுவிட்டு வா. நான் இனி மெதுவாகத்தான் நடப்பேன், கத்தவும் முடியாது.

நெவா


ரூஸே,
ஏப்ரல் 22

நெவா,

நீ என்னிடம் சொல்ல முடியாததையெல்லாம் தட்டச்சு செய்து அந்தப் பெட்டி வழியாகச் சொன்னாய். நான் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். எனக்கு எழுதினால்தான் வரும். இந்தக் கடிதங்களில் பழகிவிட்டது.

சனிக்கிழமை உன் மாடிக்கு வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. படியால் இல்லை. தான்காவின் பூனை அதேதானா, அதன் பேரனா, என் கால்சட்டையை மோந்து பார்த்தது. இந்த முறை மீன் கிடையாது என்று அதனிடம் சொன்னேன். மணி அடித்தேன்.

உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. "இரு, வந்துட்டேன்!"

உனக்குக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். சமையலறை மேஜையில் இருக்கும் ஒரு தகரப் பெட்டிதான் பேசுகிறது, அதில் இருக்கும் ரேம் எது, எந்தக் காடியில் இருக்கிறது என்பது வரை தெரியும். இருந்தும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். முதலில் வைத்தது அதைத்தானா? அன்றைக்கு எனக்குக் கேட்காமல் போனதையா?

விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்தினேன். உன் செருப்புச் சத்தம் கூடத்தில் மெல்ல வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது. விளக்கு மறுபடி அணைந்தது. மறுபடி அழுத்தினேன். மாடி மேலிருந்து யாரோ "யாருய்யா அது, விளக்கோட விளையாடுறது, கரன்ட் என்ன உங்கப்பன் வீட்டுதா?"ன்னு கத்தினார்கள். நம் ஊர்தான், சந்தேகமே இல்லை. நீ கதவைத் திறந்தபோது கழுத்தில் கட்டு, கையெல்லாம் மாவு. சிரித்தாய். சத்தமே வரவில்லை, ஆனால் அது உன் சிரிப்புதான். பிறகு உள்ளே போய் ஏதோ விசையைத் தட்டினாய், நரி சிரித்தது.

ப்ளம் மரத்தில் அந்த ஒயரைப் பார்த்தேன். சுற்றிலும் பூ.

இங்கே வீட்டைக் காலி செய்து கொடுக்க இரண்டு வாரம் பிடிக்கும். உன் வீட்டுக்குத் தூக்கி வர அதிகம் ஒன்றும் இல்லை: கருவிப்பெட்டி, அந்த ஒயர் கற்றை, நல்ல சட்டை இரண்டு. அதுவரை பெட்டியை அணைக்காதே. இரவும் பகலும் எரியட்டும், நீ எந்த நேரத்தில் பேச நினைத்தாலும் அது எழுந்து நிற்க வேண்டும். கரன்ட் பில்லில் பாதி என்னுடையது.

ஓகி